வெர்ஜினல் இசை: இடக்கைக்கு எட்டாத 10ஆம் இடைவெளிகள், குறுகிய ஸ்தாயி, மீன்டோன் சுருதி

#1 நெய்தல்

வெர்ஜினல் என்பது தந்தியை மீட்டி ஒலிக்கும் சிறிய கட்டைவாத்தியம். அதற்கான பழைய ஆங்கிலக் கையெழுத்துப்படியான ஃபிட்ஸ்வில்லியம் வெர்ஜினல் நூலைப் பியானோவில் வாசிக்கும் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அடி ஸ்தாயி சி-யையும் அதற்கு மேல் ஸ்தாயி இ-யையும் இடக்கை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், நடுவில் ஜி வேறு. அதே போல டி-யும் எஃப் ஷார்ப்பும், இ-யும் ஜி ஷார்ப்பும். பத்து ஸ்வரம் அகன்ற இந்த 10ஆம் இடைவெளிகள் சராசரிக் கைக்கு எட்டாது. அந்தக் காலத்துக் கட்டைகள் குறுகலானவை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது போதுமான விளக்கமா?

இன்னும் இரண்டு கேள்விகள். 1/4-கமா மீன்டோன் என்ற பழைய சுருதிமுறையைக் காதால் எப்படிச் சேர்ப்பது? ஆங்கில இசையமைப்பாளர்கள் பர்ட், புல், ஸ்பானியர் கபேசோன் மூவரையும் வாசிக்க ஒரே ஒரு கருவி என்றால் எந்த வகை நல்லது: மியூசலாரா, ஸ்பினெட்டா, இத்தாலிய வகையா?

#2 ஏட்டுச்சுவடி

போதாது. முக்கியக் காரணம் குறுகிய ஸ்தாயி. அன்றைய பல கருவிகளில் கடைசி இடப்பக்கக் கட்டை பார்வைக்கு இ. அதை அழுத்தினால் ஒலிப்பது சி. அடுத்த எஃப் கட்டை எஃப்தான். ஆனால் எஃப் ஷார்ப் இடத்துக் கருப்புக் கட்டை டி-யாகவும், ஜி ஷார்ப் இடத்துக் கருப்புக் கட்டை இ-யாகவும் ஒலிக்கும். ஜி முதல் எல்லாம் வழக்கம் போல.

இப்போது நீங்கள் சொன்ன மூன்று இடைவெளிகளையும் இந்தக் கட்டைவரிசையில் வைத்துப் பாருங்கள். சி இருப்பது இ கட்டையில், மேலே உள்ள இ அதிலிருந்து சரியாக ஒரு ஸ்தாயி தூரம். டி இருப்பது எஃப் ஷார்ப் கட்டையில், மேல் எஃப் ஷார்ப்பும் ஒரு ஸ்தாயி. இ இருப்பது ஜி ஷார்ப் கட்டையில், மேல் ஜி ஷார்ப்பும் அப்படியே. காதுக்கு 10ஆம் இடைவெளி, கைக்கு வெறும் எட்டு. ஏட்டில் முரட்டுத்தனமாகத் தெரியும் அந்த மேளங்கள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டுகள்) கையை விரிக்காமலே விழுகின்றன. எழுதியவர்கள் கைக்குள் இருந்ததைத்தான் எழுதினார்கள்.

ஸ்பெயினிலும் இதே அமைப்புத்தான். யுவான் பெர்முடோ 1555இல் வெளியிட்ட நூலில் கட்டைகளுக்கு 1 முதல் 42 வரை எண் இடும் முறை இருக்கிறது. குறுகிய ஸ்தாயி சி-யில் தொடங்கி மேலே ஏ வரை எண்ணினால் சரியாக 42 கட்டை வரும். கபேசோனின் படைப்புகளை அவர் மகன் எர்னாண்டோ 1578இல் அச்சிட்டபோது வேறோர் எண்முறையைப் பயன்படுத்தினார். அதில் எஃப் என்பது 1, இ என்பது 7. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கோடு, கோட்டின் மேல் எண்கள்.

#3 மெய்யெழுத்து

> எழுதியவர்கள் கைக்குள் இருந்ததைத்தான் எழுதினார்கள்.

முழுக்க ஏற்க முடியவில்லை. குறுகிய ஸ்தாயியில் அடியில் சி ஷார்ப், இ பிளாட், எஃப் ஷார்ப், ஜி ஷார்ப் நான்கும் கிடையாது. ஆங்கிலப் படைப்புகள் சிலவற்றில் அடி எஃப் ஷார்ப் எழுதப்பட்டிருக்கிறதே?

#4 ஏட்டுச்சுவடி

சரியான கேள்வி. எல்லாக் கருவியும் குறுகிய ஸ்தாயி உள்ளது என்று சொல்வது தவறு, #2இல் நான் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அடியில் எஃப் ஷார்ப் அல்லது ஜி ஷார்ப் கேட்கும் படைப்புக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அடி ஸ்தாயி முழுவதும் உள்ள கருவி. மற்றொன்று பிளந்த கட்டை: எஃப் ஷார்ப் இடத்துக் கருப்புக் கட்டையைக் குறுக்காக இரண்டாகப் பிளந்து, முன் பாதியில் டி, பின் பாதியில் எஃப் ஷார்ப். ஜி ஷார்ப் கட்டையிலும் அப்படியே, முன்னால் இ, பின்னால் ஜி ஷார்ப். 10ஆம் இடைவெளி கைக்குள்ளேயே இருக்கும், விட்டுப்போன இரண்டு ஸ்வரமும் கிடைக்கும்.

ஒரு படைப்பை எடுத்தவுடன் முதலில் அடி ஸ்தாயியில் வரும் கருப்புக் கட்டைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டமே விழாமல் இடக்கையில் 10ஆம் இடைவெளி மட்டும் நிறைய வந்தால், அது குறுகிய ஸ்தாயிக் கருவியை மனத்தில் வைத்து எழுதியது என்று பெரும்பாலும் நம்பலாம்.

#5 பழஞ்சுருதி

சுருதிக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் மேலே மெலிதாக அந்தர காந்தாரம் கேட்கும். ஷட்ஜத்துக்கு 5:4 விகிதம், 386.3 சென்ட் (பியானோவின் ஓர் அரைஸ்வரம் 100 சென்ட்). இன்றைய பியானோவின் சி-இ இடைவெளி 400 சென்ட், ஏறக்குறைய 14 சென்ட் கூடுதல். 1/4-கமா மீன்டோன் அந்தக் காந்தாரத்தைச் சுத்தமாக வைக்கிறது. விலை கொடுப்பது பஞ்சமம்: 702 சென்ட் இருக்க வேண்டிய ஒவ்வொரு பஞ்சமமும் 696.6 ஆகச் சுருங்குகிறது. பஞ்சமம் லேசாக விம்மும், காந்தாரம் அசையாமல் நிற்கும். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தச் சுருதி சேர்ப்பது பியானோச் சுருதியை விட எளிது. காதால் நிறுத்த வேண்டியது பெரும்பாலும் சுத்தமான காந்தாரங்களைத்தான்.

ஏ-யை நொடிக்கு 415 அதிர்வு என்று வைத்து, நடு ஸ்தாயியில் இப்படிச் செய்யுங்கள். விம்மல் என்பது இரண்டு ஸ்வரம் சேரும்போது ஒலி கூடிக் குறைவது, எண்கள் ஒரு நொடிக்கு.

சுருதிக்கவையிலிருந்து நடு சி-க்கு மேலுள்ள ஏ. அதன் கீழ் ஸ்தாயி ஏ-யைச் சுத்தமாக. அந்தக் கீழ் ஏ-யிலிருந்து மேலே இ: முதலில் சுத்தப் பஞ்சமம், பிறகு இ-யை இறக்கி 1.9 விம்மல். அந்த இ-க்குக் கீழே நடு சி, சுத்தக் காந்தாரமாக, விம்மலே கூடாது.

அடுத்து மேல் ஏ-க்குக் கீழே டி. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பஞ்சமத்தைச் சுருக்க வேண்டும், ஆனால் நாம் திருப்புவது கீழ் ஸ்வரத்தை, ஆகவே டி-யை ஏற்ற வேண்டும். இறக்கினால் விம்மல் அதே வேகத்தில்தான் கேட்கும், காது ஏமாந்துவிடும். இங்கே 2.6 விம்மல்.

பிறகு சி-யிலிருந்து மேலே ஜி, சுத்தமாக வைத்து இறக்கி 2.3. அதன் கீழ் ஸ்தாயி ஜி-யைச் சேர்த்து, அந்தக் கீழ் ஜி-யையும் டி-யையும் சேர்த்துக் கேளுங்கள். 1.7 வந்தால் நான்கு பஞ்சமமும் சரி. வராவிட்டால் ஜி-யைத் தொடாதீர்கள். பிழை முதலில் வைத்த இ-யிலோ டி-யிலோ இருக்கும், அங்கே திரும்பிப் போங்கள்.

மீதி ஏழும் சுத்தக் காந்தாரம்தான். ஏ-க்குக் கீழே எஃப், டி-க்குக் கீழே பி பிளாட், ஜி-க்குக் கீழே இ பிளாட். ஜி-க்கு மேலே பி, ஏ-க்கு மேலே சி ஷார்ப், டி-க்கு மேலே எஃப் ஷார்ப், இ-க்கு மேலே ஜி ஷார்ப். பன்னிரண்டும் முடிந்தது. மற்றவை ஸ்தாயி ஸ்தாயியாக.

விம்மலை எங்கே தேடுவது என்பதும் முக்கியம். பஞ்சமத்தில் மேல் ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே, காந்தாரத்தில் மேல் ஸ்வரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே. வெர்ஜினலின் ஒலியில் மேல் ஸ்வரங்கள் செழிப்பாக இருப்பதால் அது தெளிவாகவே கேட்கும்.

#6 நெய்தல்

மிக்க நன்றி. ஓநாய்ப் பஞ்சமம் எங்கே விழும்? எந்த மேளங்களைத் தவிர்க்க வேண்டும்?

#7 பழஞ்சுருதி

ஜி ஷார்ப்புக்கும் இ பிளாட்டுக்கும் நடுவில். 737.6 சென்ட், சுத்தப் பஞ்சமத்தை விட ஏறக்குறைய 36 சென்ட் அகலம், நிஜமாகவே ஊளையிடும். சுத்தக் காந்தாரம் கிடைப்பது எட்டு மேளத்தில்: இ பிளாட், பி பிளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, இ. பி, எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஜி ஷார்ப் இந்த நான்கில் காந்தாரம் 427 சென்ட், வாசிக்க உதவாது.

அரைஸ்வரங்களும் இரண்டு அளவு. சி-யிலிருந்து சி ஷார்ப் 76 சென்ட், சி ஷார்ப்பிலிருந்து டி 117 சென்ட். டி-யிலிருந்து ஏ வரை அரை அரையாக இறங்கும் ஒரு வரியை வாசித்துப் பாருங்கள்: 117, 76, 117, 76, 117. ஒரு படி அகலம், ஒரு படி நெருக்கம். டச்சு இசையமைப்பாளர் ஸ்வேலிங்கின் குரோமாட்டிக் ஃபாண்டசியா அப்படித்தான் தொடங்குகிறது. பியானோவில் அது ஒரே சீரான சறுக்கல், மீன்டோனில் ஒவ்வொரு படிக்கும் தனி முகம். அந்தப் படைப்பின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

#8 மெய்யெழுத்து

மின்கீபோர்டில் வாசிப்பவர்களுக்கு: மீன்டோன் என்ற தேர்வு பல கருவிகளில் உண்டு, ஆனால் அதனுடன் ஒரு ஆதார ஸ்வரத்தையும் கேட்கும். அதைப் படைப்பின் ஆதார ஸ்வரத்துக்கு ஏற்ப மாற்றினால் ஓநாய் இடம் மாறிவிடும். சி என்றே வைத்துவிட்டு, ஜி ஷார்ப்-இ பிளாட் ஊளையிடுகிறதா, இ-ஜி ஷார்ப் அசையாமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். கைமுறையாக உள்ளிடும் வசதி இருந்தால், ஏ பூஜ்யம் என்று வைத்து, சென்ட் அளவில் இவை:

சி +10.3
சி ஷார்ப் −13.7
டி +3.4
இ பிளாட் +20.5
இ −3.4
எஃப் +13.7
எஃப் ஷார்ப் −10.3
ஜி +6.8
ஜி ஷார்ப் −17.1
ஏ 0
பி பிளாட் +17.1
பி −6.8

விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மீட்டும் கருவிக்கு அது பொருந்தாது.

#9 இறகுமுனை

கருவித் தேர்வு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆண்ட்வெர்ப்பில் ரூக்கர்ஸ் குடும்பம் இரண்டு வகையும் செய்தது. ஸ்பினெட் வகையில் கட்டைவரிசை பெட்டியின் இடப்பக்கம், தந்தி மீட்டப்படுவது இடக் குதிரைக்கு அருகில். ஒலி கூர்மை, மூக்கால் பேசுவது போல. மியூசலார் வகையில் கட்டைவரிசை வலப்பக்கம், மீட்டப்படுவது தந்தியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில். சரியாக நடுவில் மீட்டினால் இரட்டை எண் மேல்ஸ்வரங்கள் எழாது, அதனால்தான் அந்தப் புல்லாங்குழல் போன்ற உள்ளீடற்ற ஒலி. வெர்மீர் ஓவியத்தில் ஒரு பெண் நின்று வாசிக்கும் கருவி இந்த வகைதான்.

மியூசலாரின் குறை இடக்கையில். அடித் தந்தி அதிகம் ஊசலாடுவது நடுவில். ஜாக் (கட்டையின் மேல் நின்று தந்தியை மீட்டும் மரச்சட்டம்) திரும்ப விழும்போது இன்னும் அசையும் தந்தியை அங்கேயே தொடுகிறது, உறுமல் எழுகிறது. வேகமாக ஒரே அடி ஸ்வரத்தைத் திரும்ப வாசிக்க முடியாது. 1739இலேயே க்விரின் வான் பிளாங்கன்பர்க் இதைப் பன்றிக்குட்டிகளின் உறுமலுடன் ஒப்பிட்டுத் திட்டினார். இடக்கையில் ஓட்டங்கள் நிறைந்த பர்ட், புல் படைப்புகளுக்கு நான் மியூசலாரைப் பரிந்துரைக்க மாட்டேன். மெதுவான பவான், நடன மெட்டுகளுக்கு அதை விட அழகான ஒலி கிடையாது.

இத்தாலிய வகை: மெல்லிய சைப்ரஸ் மரப்பெட்டி, பித்தளைத் தந்தி, சட்டென எழுந்து விரைவில் அடங்கும் ஒலி. பல குரல் பின்னல் தெளிவாகப் பிரிந்து கேட்கும். மூவருக்கும் சேர்த்து ஒரே கருவி என்றால் என் தேர்வு இத்தாலியப் பலகோண வெர்ஜினல், இரண்டாவது ஸ்பினெட் வகை. வாங்கும்போது அடி ஸ்தாயி எந்த அமைப்பு என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. 415க்குக் கட்டிய கருவியை மற்ற வாத்தியங்களுக்காக 440க்கு ஏற்றாதீர்கள். இழுவிசை சுருதியின் வர்க்கத்தோடு கூடும், அரைஸ்வரம் ஏற்றினால் ஒவ்வொரு தந்தியிலும் 12 சதவீதம் அதிகம். இந்தக் கருவிகளின் தந்திகள் அறும் எல்லைக்கு அருகில்தான் நிற்கின்றன, நல்ல ஒலி அங்கேதான் பிறக்கிறது. தடித்த தந்தி போட்டால் தாங்கும் என்று நினைப்பதும் பிழை. எந்தச் சுருதியில் அறும் என்பதை நீளமும் உலோகமும்தான் தீர்மானிக்கின்றன. தடித்த தந்திக்கு அதே விகிதத்தில் இழுவிசையும் அதிகம் வேண்டும், மிச்சமாவது பெட்டிக்கும் குதிரைக்கும் கூடுதல் சுமை மட்டுமே.

#10 நெய்தல்

ஜாக் திரும்ப விழாமல் தொங்கிவிடுவதற்கு என்ன செய்வது? ஒரு முறை ஒலித்தபின் கட்டை ஊமையாகிவிடுகிறது.

#11 இறகுமுனை

உடனே கத்தியை எடுக்க வேண்டாம். வரிசையாகப் பாருங்கள்.

ஜாக்கை வெளியே எடுத்து, அதன் துளையில் மெதுவாக விடுங்கள். தன் எடையில் விழ வேண்டும். விழாவிட்டால் ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது. மழைக்காலத்தில் ஜாக்கைச் செதுக்கினால் வறண்ட மாதத்தில் அது துளைக்குள் ஆடும், மீட்டும் இடம் மாறும். அறையின் ஈரத்தைச் சீராக்குவதே முதல் வைத்தியம்.

நன்றாக விழுந்தால், ஜாக்கின் தலையில் உள்ள கம்பளித் துண்டைப் பாருங்கள். அது தந்தியின் பக்கவாட்டில் அழுந்தி நின்றால் ஜாக் பாதியிலேயே நிற்கும், மீட்டுமுனை தந்திக்கு மேலேயே இருந்துவிடும். துண்டைச் சற்று ஏற்றினால் போதும்.

அதுவும் சரியென்றால், மீட்டுமுனையைத் தாங்கும் நாக்கு. விரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டால் உடனே திரும்ப வேண்டும். பன்றிமயிர் வில் தளர்ந்திருந்தால் நாக்கு பின்னாலேயே நிற்கும், மிகவும் இறுகியிருந்தால் இறங்கும்போது தந்தியைத் தாண்டாது.

கடைசியில்தான் மீட்டுமுனை. காக்கை இறகாக இருந்தாலும் டெல்ரின் நெகிழியாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: தந்தியைத் தாண்டி மிகச் சிறிதளவே நீள வேண்டும், ஓய்வில் தந்திக்குக் கீழே ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி. ஒலி முரட்டுத்தனமாக இருந்தால் அடிப்பக்கத்திலிருந்து மெலியச் சீவுங்கள். மேல்பக்கத்தைத் தொடாதீர்கள், தந்தியைத் தொடுவது அந்தப் பக்கம், அதில் விழும் கீறல் ஒவ்வொரு மீட்டலிலும் கரகரக்கும். நீளத்தைக் குறைப்பது கடைசி வேலை, குறைத்ததைக் கூட்ட முடியாது.

வெர்ஜினலில் ஜாக்குகள் இரண்டிரண்டாக முதுகொட்டி நிற்கும், ஒன்று ஒரு பக்கத் தந்தியையும் மற்றது எதிர்ப்பக்கத் தந்தியையும் மீட்டும். இடம் மாற்றிப் போட்டால் சீவிய வேலை முழுவதும் வீண். வெளியே எடுக்கும் முன் எண் எழுதுங்கள்.

#12 வண்டல்

வெர்ஜினல் என்ற பெயர் கன்னி அரசி எலிசபெத்தால் வந்தது என்றும், ஃபிட்ஸ்வில்லியம் நூலை ஃபிரான்சிஸ் ட்ரேஜியன் சிறையில் உட்கார்ந்து படியெடுத்தார் என்றும் படித்தேன். சரியா?

#13 ஏட்டுச்சுவடி

முதலாவது தவறு. செபாஸ்டியன் விர்டுங் 1511இல் அச்சிட்ட நூலிலேயே இந்தப் பெயர் படத்துடன் இருக்கிறது. எலிசபெத் பிறந்தது 1533. அவருடைய வெர்ஜினல் என்று சொல்லப்பட்டு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் கருவியும் வெனிஸில் செய்தது.

இரண்டாவதை நீண்ட காலம் எல்லாரும் நம்பினார்கள், இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது: 297 படைப்புகள் கொண்ட கையெழுத்துப்படி, கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அச்சில் வந்த முதல் ஆங்கில வெர்ஜினல் நூல் பார்த்தீனியா, 1612 வாக்கில், செப்புத்தகட்டில் செதுக்கியது. 21 படைப்பு: பர்ட் 8, புல் 7, கிப்பன்ஸ் 6. புதிதாகத் தொடங்குபவர்கள் 297ஐ விட்டுவிட்டு இந்த 21இல் தொடங்குவது நல்லது.

#14 கூர்விரல்

விரல்முறை பற்றி யாரும் தொடவில்லை. பழைய ஆங்கில ஏடுகளில் வலக்கை ஏறும்போது 3-4-3-4 என்று இருக்கிறது, கட்டைவிரல் அடியில் நுழைவதில்லை. நடுவிரல் நீளமானது, அது நான்காம் விரலின் மேல் இயல்பாகத் தாண்டும். வலுவான மாத்திரை 3இல் விழும். இத்தாலியில் டிரூட்டா 1593இல் நேர்மாறாகச் சொல்கிறார், நல்ல விரல்கள் 2ஆம் 4ஆம். இரண்டையும் ஒரே படைப்பில் கலக்காதீர்கள். பர்டுக்கு ஆங்கில முறை, இத்தாலியரான மெரூலோவுக்கு டிரூட்டா.

விரலை மாற்றினால் ஸ்வரங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சுவாசிக்கும். எட்டு ஸ்வரத்தையும் ஒரே நூலில் கோத்தது போல வாசிக்க இந்த முறையில் முடியவே முடியாது. ஆரம்பத்தில் தடுமாற்றமாகத் தெரிவது பத்து நாளில் பேச்சாக மாறும்.

ஸ்வரக்குறியின் காம்பைக் குறுக்கே வெட்டும் இரட்டைக் கோடு ஓர் அலங்காரக் குறி, அதன் பொருள் உறுதியாகத் தெரியவில்லை. மேல் ஸ்வரத்துடன் சிறு நடுக்கம், அல்லது கீழ் ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்புதல், வரி போகும் திசையைப் பார்த்து முடிவு செய்யலாம். எல்லாக் கோட்டுக்கும் ஒரே அலங்காரம் வாசிப்பவர்களைக் கேட்டால் சீக்கிரம் சலித்துவிடுகிறது.

#15 மெய்யெழுத்து

ஜான் புல்லின் ஆறு ஸ்வர ஃபாண்டசியாவை என்ன செய்வது? ஜி-யில் தொடங்கி ஒவ்வொரு முழு ஸ்வரமாக ஏறி எல்லா இடத்துக்கும் போய்வருகிறதே. மீன்டோனில் நடுவில் தாங்க முடியவில்லை.

#16 பழஞ்சுருதி

அதற்கு மீன்டோன் பொருந்தாது, மழுப்ப வேண்டியதில்லை. ஸ்தாயிக்கு 12க்கு மேல் கட்டை வைத்த கருவிகள் அன்று இருந்தன. வீட்டோ டிராசுன்டினோ 1606இல் செய்த, ஸ்தாயிக்கு 31 கட்டை உள்ள கருவி இன்றும் போலோன்யாவில் இருக்கிறது. லூட் வாத்தியத்தின் மெட்டுகளோ சம அரைஸ்வரத்துக்கு நெருக்கமாகவே வைக்கப்பட்டன. புல் எதை நினைத்து எழுதினார் என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. நடைமுறையில், அந்த ஒரு படைப்புக்குச் சம சுருதி வையுங்கள்.

மற்றபடி பெரும்பாலான படைப்புகளுக்கு முழுச் சுருதியையும் மாற்ற வேண்டியதில்லை. இ பிளாட் வராமல் டி ஷார்ப் வருகிறது என்றால், பி-க்கு மேலே சுத்தக் காந்தாரமாக அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் 41 சென்ட் இறக்குங்கள். ஓநாய் டி ஷார்ப்-பி பிளாட் நடுவுக்கு நகரும், இ பிளாட் மேளம் போய்விடும். ஏ பிளாட் வேண்டுமென்றால் சி-க்குக் கீழே சுத்தக் காந்தாரமாக ஜி ஷார்ப்பை 41 சென்ட் ஏற்றுங்கள்.

#17 நெய்தல்

ஒவ்வொரு படைப்புக்கு நடுவிலும் இதைச் செய்ய முடியுமா? நேரம் பிடிக்காதா?

#18 இறகுமுனை

குறுகிய ஸ்தாயிக் கருவியில் மொத்தம் 45 கட்டை, சி-யிலிருந்து நான்கு ஸ்தாயி. அடி ஸ்தாயியில் இ பிளாட்டும் ஜி ஷார்ப்பும் கிடையாது. கட்டைக்கு ஒரு தந்திதான். ஆக இ பிளாட்டை மாற்றத் திருப்ப வேண்டியது மூன்றே மூன்று முளை. இறக்கும்போது இலக்கைத் தாண்டிச் சற்றுக் கீழே போய், பிறகு மேலேற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது படைப்புக்குள் நழுவும். அந்த மூன்று முளையிலும் சிறு வண்ணப் புள்ளி வைத்துவிட்டால் தேட வேண்டாம்.